சேதுக் காசு: தீவு நாணயங்கள் தென்னாட்டுச் சேகரத்துள் புகுந்த வரலாறு

இராமநாதபுரம் சேதுபதி 1687ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையால் இன்று வெளியூரார் பலராலும் அறியப்படும் திருமயம், அக்கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஒரே குன்றின் சரிவில் சத்தியகிரீசுவரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் குடைவரைகள் அமைந்த பழம்பதியாகும். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியே இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலை இன்றும் அக்குன்றின் அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றது. சேது யாத்திரை செல்வோரும், கடற்கரைப் பட்டினங்களிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வணிகரும், போர் மேற்சென்ற படைகளும் நடமாடிய இத்தகைய வழிகளில், அவ்வவர் மடியிலிருந்த நாணயங்களும் உடன் நடமாடின என்பதற்கு ஏடு எதுவும் சான்று காட்ட வேண்டுவதில்லை. அந்நாணயங்களுள் கடல் கடந்த ஈழத்தீவில் இடைக்காலத்தில் அச்சிடப்பட்டவை தமிழகத்துக்கு எவ்வாறு வந்தன, வந்தவற்றை நம்மவரும் பிறரும் எவ்வாறு சேகரித்தனர், சேகரித்த முறையினால் சரித்திர ஞானம் எங்கே வளர்ந்தது, எங்கே தடுமாறியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவு நாணயங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. நிலப்பரப்பில் ஒருவனை வென்று ஒருவன் ஆளும்போது பழைய காசு அண்டை நாட்டுக்கு ஓடிக் கலந்துவிடும். தீவிலோ, வந்தேறிய ஒவ்வோர் ஆட்சியும் தன் முத்திரையை முன்னையதன் மேல் அடுக்கடுக்காக விட்டுச் செல்கிறது. மத்தியதரைக் கடலில் சைப்பிரஸ் தீவை நோக்குக. 1191இல் இங்கிலாந்து வேந்தன் ரிச்சர்டு அதனைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டே அது லூசிஞான் மரபினர் கைக்கு மாறிற்று. 1489இல் வெனிஸ் குடியரசு அதனைத் தனதாக்கிக்கொண்டது. 1570இல் துருக்கியர் முற்றுகையிட்டபோது, பொன்னும் வெள்ளியும் அற்ற நிலையில், பமகுஸ்தா நகரில் வெனிசியர் செம்பிலே பெசன்ட் என்னும் நாணயத்தை அச்சிட்டு, வெனிசியரின் வாக்குறுதி பொய்யாது என்ற கருத்தை அதில் பொறித்தனர். அடுத்த ஆண்டில் நகரம் வீழ்ந்தது. செம்புக் காசு நின்றது. இத்தீவு நாணயங்களை ஏதென்ஸ் நகரத்துப் பால் லாம்ப்ரோஸ் 1876இலும், பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் ஷ்லும்பெர்ஜே 1878இலும் நூல்வழி ஒழுங்குபடுத்தினர். வியப்பு என்னவெனில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதாவது 1877இல், ரைஸ் டேவிட்ஸ் என்னும் பாலி மொழிப் பேரறிஞர் ஈழத்தின் பண்டை நாணயங்களையும் அளவைகளையும் பற்றித் தமது நூலை வெளியிட்டார். இரண்டு கடல்களிலும் தீவு நாணய ஆராய்ச்சி ஒரே பத்தாண்டிலே தலையெடுத்தது.

மத்தியதரைக் கடலுக்கும் நம் கரைக்கும் நேர்த் தொடர்பும் உண்டு. 1284 முதல் வெனிஸ் அச்சிட்ட மூன்றரைக் கிராம் எடையுள்ள பொன் டுகாட், மாற்றுக் குறையாத பொன் என்று எங்கும் நம்பப்பட்டமையால், ரோட்ஸ் தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களும் அதனைப் பின்பற்றித் தம் நாணயத்தை அடித்தனர். எகிப்து வழியாகத் தென்னிந்தியாவுக்கு டுகாட்டுகள் திரளாக வந்தன. புனித மாற்கிடமிருந்து கொடிக்கம்பத்தை மண்டியிட்டுப் பெறும் வெனிஸ் தலைவனின் உருவத்தை நம் நாட்டார் பனையேறும் மனிதனாகக் கண்டு, அக்காசைக் கோத்துக் கழுத்தணியாக அணிந்தனர். பொருளை அறியாவிடினும் பொன்னை அறிந்தவர்கள் அவர்கள்.

இனி ஈழத்துக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலம் தொட்டே, அதாவது பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, சோழ நாட்டுச் சாஸனங்களில் ஈழக்காசு என்னும் நாணயம் பேசப்படுகின்றது. கோயிலுக்கு விளக்கெரிக்க நிவந்தம் அளிப்போர் ஈழக்காசைக் கணக்கிட்டுக் கொடுக்கும் அளவுக்கு அது இங்கே பழகியிருந்தது. அக்காலத்து ஈழப் பொற்காசு கஹவணு எனப்பட்டது. ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ளது. ஒருபுறம் நின்ற கோலத்தில் ஒரு மனித உருவமும், மறுபுறம் அமர்ந்த கோலத்தில் ஓர் உருவமும், அதன் பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ லங்கா விபு என்ற வாசகமும் உடையது. பராந்தகனுக்குப் பின் வந்த முதலாம் இராசராசன் 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதியை வென்றான். அவன் பெயரால் ஸ்ரீ ராஜராஜ என நாகரியில் பொறித்து வெளிவந்த நாணயங்களும் அதே நின்ற உருவம், அதே அமர்ந்த உருவம் கொண்டனவே. வென்றவன் தன் புலிச் சின்னத்தையே எங்கும் திணிக்காமல், வெல்லப்பட்ட நாட்டின் சந்தைக்குப் பழகிய உருவத்தையும் ஏற்றுத் தன் பெயரை அதிலிட்டான் என்றே நான் கருதுகிறேன். வணிகம் செழிக்க வேண்டுமானால் மக்கள் கை நம்பிய வடிவத்தை மாற்றலாகாது என்பதை அவன் அறிந்திருந்தான். இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

சோழராட்சி 1070இல் ஈழத்தில் முடிவுற்ற பின்னரும் அவ்வுருவம் முடிவுறவில்லை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் முதலிய பொலன்னறுவை வேந்தர்கள் யாவரும் அதையே மீண்டும் மீண்டும் செம்பில் அடித்தனர். அவர்களுள் லீலாவதி என்னும் அரசி மும்முறை அரியணை ஏறி மும்முறையும் இழந்தவள். அவளுடைய காசில் ஸ்ரீ ராஜ லீலாவதி என்ற பெயர் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றது. ஆண்டவள் பெண்ணாயினும் காசின் வடிவம் பழைய வேந்தருடையதே. பெயர் ஒன்றே அவளுடையது.

இத்தொடரின் கடைசிக் கிளையே சேதுக் காசு. அக்காசு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பவர்க்கு முதலில் மனித உருவம் என்றே தோன்றாது. குச்சிகளும் புள்ளிகளுமாக ஏதோ கோலம் போலத் தோன்றும். சற்று நேரம் கண் பழகிய பின்னர், நடுவே நிற்கும் வேந்தனும், அவன் இடையாடையின் மடிப்பும், இருமருங்கும் விளக்குகளும் மெல்லப் புலப்படும். மறுபுறம் திருப்பினால், அமர்ந்த மனித உருவம் இருந்த இடத்தில் திமிலுடன் படுத்திருக்கும் நந்தி. அதன் மேலே பிறை. கீழே தமிழெழுத்தில் சேது. நாகரியை விட்டுத் தமிழுக்கு வந்த இம்மாற்றமும், மனித உருவை விட்டு நந்திக்கு வந்த மாற்றமும் ஆகிய இரண்டுமே இக்காசின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகின்றன.

ஆயினும் அதைக் கேட்பதற்கு ஆராய்ச்சியாளர்க்கு நெடுங்காலம் சென்றது. முற்காலச் சேகரிப்பாளர் சிலர் சேது என்ற சொல்லைக் கண்டதும், சேதுபதி என்ற பட்டமுடைய இராமநாதபுரத்து மன்னர்களே இதை வெளியிட்டனர் என்று கொண்டனர். அனுமானம் எளிது; ஆனால் காலம் ஒவ்வாது. மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவருக்குச் சேதுபதிப் பட்டம் அளித்தது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காசின் முகப்பிலுள்ள நின்ற வேந்தனோ, பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பொலன்னறுவைக் காசிலிருந்து நேரே இறங்கி வந்தவன். நானூறு ஆண்டு இடைவெளியில் மறைந்துபோன ஒரு வடிவத்தைச் சேதுபதிகள் மீண்டும் தேடி எடுத்தார்கள் என்பது பொருந்தாது. மேலும் இக்காசுகள் மிகுதியாகக் கிடைப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த நிலப்பகுதியிலுமே. யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுக்கு நந்தி இலச்சினை. ஈழத்தில் கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகம என்னும் ஊரில் எச். சி. பி. பெல் கண்டறிந்த, அவ்வேந்தரது வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டு, சேது என்னும் மங்கலச் சொல்லோடுதான் தொடங்குகிறது. நல்லூர் ஞானப்பிரகாச அடிகள் இவற்றைத் தொகுத்துக் காட்டி யாழ்ப்பாண மன்னர்க்கே இக்காசு உரியது என்று வாதிட்டார். 1924இல் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்ட எச். டபிள்யூ. கோட்ரிங்டன் நூலும் அம்முடிபையே உறுதிப்படுத்தியது. பின்னாளில் யாழ்ப்பாணப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரி முதலிய இடங்களில் ஆய்ந்து கண்ட நாணயங்களை இடத்தோடு பதிவு செய்தமை அதற்கு மேலும் வலிவூட்டிற்று. 1344இல் இபன் பதூதா கண்டு, முத்துச் செல்வத்தை வியந்த ஆரியச் சக்கரவர்த்தியின் நாட்டுக்கு இத்தகைய சொந்த நாணயம் இருந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இத்தடுமாற்றம் ஏன் நேர்ந்தது என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டிய விஷயம். தென்னாட்டில் நாணயச் சேகரம் கர்னல் காலின் மெக்கன்சியுடன் பெருமுறையில் தொடங்கிற்று. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் ஈழத்துப் பழங்காசுகளைப் பற்றி எழுதினார். வால்டர் எலியட் தென்னிந்திய நாணயங்களை நூலாக்கினார். 1888இல் லோவெந்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதினார். 1889இல் கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியாவில் காசு சேகரிப்போர்க்கு வழிகாட்டும் சிறு நூல் ஒன்றையே இயற்றினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1894இல் வெளியிட்ட நாணயப் பட்டியலில், உரோமக் காசும் போர்த்துகீசியக் காசும் ஈழக்காசும் ஒரே தொகுதியில் அடங்கின. திருச்சிராப்பள்ளி வழக்கறிஞர் டி. தேசிகாச்சாரியார் 1933இல் தென்னிந்திய நாணயங்கள் பற்றி எழுதியது, நம்மவரும் இத்துறையில் தலைநிமிர்ந்ததற்கு அடையாளம். இவர்கள் அனைவர்க்கும் நாம் கடமைப்பட்டவர்கள். எனினும் அக்காலத்துச் சேகரங்களிற் பெரும்பகுதி கடைவீதியிலும் நாணயமாற்றுவோரிடமும் தட்டாரிடமும் வாங்கப்பட்டவை. இன்ன ஊரில், இன்ன வயலில், இன்ன காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி வாங்கும்போதே அறுந்துபோயிற்று. அது அறுந்தபின் எஞ்சுவது எழுத்து ஒன்றே. எழுத்தை மட்டும் நம்பினால் சேது என்பது சேதுபதியாகத்தான் தோன்றும்.

இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே உள்ளது. 1898இல் ஆலங்குடி வட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் ஈறாக உள்ள பேரரசர்களின் காசுகள் அவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஜி. எஃப். ஹில் அத்தொகுதி முழுவதையும் ஒருசேர ஆராய்ந்து அதே 1898இல் கட்டுரை வரைந்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. ஒன்றோ இரண்டோ தனியே கிடைத்திருந்தால் அவ்வெட்டைக் கலப்பையின் காயம் என்று தள்ளியிருப்போம்; நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே விதமாகக் காணப்பட்டதனால்தான், நாணயமாகச் செலவாகாதபடி வேண்டுமென்றே செய்த செயல் என்று அறிஞர் கொண்டனர். பொருளின் மதிப்பு 501 பொற்காசில் இருந்தது. சரித்திரத்தின் மதிப்பு அவை பிரியாதிருந்ததில் இருந்தது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் அம்மரபைப் பேணினர் என்று சொல்லத்தகும். 1910இல் புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1929இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1130 அச்சேறின. ஒருபுறம் பிரகதாம்பாளும் மறுபுறம் தெலுங்கெழுத்தில் விஜய என்ற சொல்லும் உடைய அம்மன் காசு, நவராத்திரியில் அரிசியுடன் சேர்த்து வழங்கப்பட்டதாகையால், இப்பகுதியின் பழங்குடும்பங்கள் பலவற்றில் பூஜைப் பெட்டியில் இன்றும் இருக்கின்றது. அந்தக் காசை நம்மவர் அம்மன் பேரால் காத்தார்கள். பெயர் தெரியாத செப்புக் காசுகளைக் காக்கவில்லை.

கண்மாய் தூர்வாரும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், உழும்போதும் கிடைக்கும் செப்புக் காசுகளுக்கு நேரும் கதி எல்லோரும் அறிந்ததே. முதலில் புளியிட்டுத் துலக்குவர். பச்சைக் களிம்போடு சேர்ந்து, அதன் அடியில் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்ட எழுத்தின் விளிம்பும் கரைந்து போகின்றது. பளபளப்பான, பெயரற்ற, வட்டமான செம்புத் துண்டு மிஞ்சுகின்றது. அடுத்து, நல்லவற்றைப் பொறுக்கி விற்பர். தேய்ந்தவை பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகும். ஆனால் காலத்தைக் கணிக்க உதவுவன பெரும்பாலும் அத்தேய்ந்த காசுகளே. சேதுக் காசு ஒன்று இராசராசன் காசோடு கிடந்ததா, நாயக்கர் காசோடு கிடந்ததா என்பது, அழகிய தனிக்காசு நூறு கூறமுடியாத செய்தியைக் கூறிவிடும்.

சட்டமும் இதற்கு எதிரியன்று. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர், பொருள் இன்னது, கிடைத்த இடம் இன்னது, நாள் இன்னது என்று மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவித்த பொருளுக்கு உரியவர் எவரும் இல்லையென முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் எஞ்சியது நிலவுடையாருக்கும் உரியது. அரசு தானே வைத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுத்தே எடுத்துக்கொள்ளும். மறைத்தவர்க்கோ பங்கும் இல்லை, தண்டனையும் உண்டு. கேட்கப்படும் விவரம் மூன்றே என்பதையும், அம்மூன்றுமே நாணய ஆராய்ச்சியின் உயிர்நாடி என்பதையும் வாசகர் கவனிக்க.

ஆகவே திருமயம் வட்டத்தாரையும், சேது வழியிலுள்ள மற்ற ஊர்களின் அன்பர்களையும் வேண்டிக்கொள்வது இதுவே. காசு கிடைத்தால் துலக்காதீர்கள். ஒன்றாகக் கிடைத்தவற்றைப் பிரிக்காதீர்கள். ஊரும் புல எண்ணும் நாளும் ஒரு தாளில் எழுதி அவற்றோடு வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். வீட்டில் முன்னோர் வைத்துப்போன காசுகள் இருப்பின், அவை எந்த ஊரிலிருந்து வந்தன என்று பெரியவர்களை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.