மிஸ்டீரியம்: 208-ஆம் தொகுதியில் ஒரு தேடல்

விண்மீன்கள் பிறக்கும் மேகங்களைப் பற்றி எழுதும் எந்த நூலிலும் ஒரு வரி தவறாமல் வரும்: 1965-இல் ஹைட்ராக்சில் மூலக்கூறின் மேசர் உமிழ்வு, அதாவது நுண்ணலைகள் பெருகி வலுத்து வரும் உமிழ்வு, கண்டுபிடிக்கப்பட்டது. நானும் அந்த வரியைப் பலமுறை படித்துக் கடந்திருக்கிறேன். ஒருநாள் குறிப்பெடுக்கும்போது, மூலக் கட்டுரையையே பார்த்துவிடலாம் என்று ‘நேச்சர்’ இதழின் 208-ஆம் தொகுதியை எடுத்தேன். 29-ஆம் பக்கம், 2 அக்டோபர் 1965. எழுதியவர்கள் நால்வர்: ஹெரால்ட் வீவர், டேவிட் வில்லியம்ஸ், நேனிலூ டீட்டர், லம். கலிஃபோர்னியாவின் வடக்கே ஹாட் கிரீக்கில் இருந்த, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் வேலை செய்தவர்கள்.

தலைப்பைப் படித்ததும் நின்றுவிட்டேன். அதில் மேசர் என்ற சொல் இல்லை. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘அடையாளம் தெரியாத வலுவான நுண்ணலைக் கோடும், ஹைட்ராக்சில் மூலக்கூறின் உமிழ்வும்’ என்று வரும். நம் இலக்கணத்தில் இது எண்ணும்மை. கோடு வேறு, உமிழ்வு வேறு என்று இரண்டாகப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு இரண்டும் ஒன்று. அன்றைக்கு ஏன் பிரித்தார்கள்? அந்த ‘உம்’தான் என் தேடலுக்கு முதல் தடயம்.

அடையாளம் தெரியாத கோட்டுக்கு அவர்கள் ஒரு பெயரும் வைத்தார்கள்: மிஸ்டீரியம். மர்மப் பொருள் என்று கொள்ளலாம். வானியலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. நெபுலாக்களில் 1864 முதல் தென்பட்ட பச்சைக் கோடுகளுக்கு ‘நெபுலியம்’ என்று ஒரு புதுத் தனிமத்தின் பெயரைச் சூட்டினார்கள். அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று 1927-இல் ஐரா போவன் காட்டிய பிறகு அந்தப் பெயர் மறைந்தது. பெர்க்லிக் குழுவினர் இந்த வரலாறு தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தே அப்படியொரு பெயரை வைக்க எது அவர்களைத் தள்ளியது?

விடை தேடி இரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருந்தது. 1963-இல் சாண்டர் வெயின்ரெப், ஆலன் பேரட், மீக்ஸ், ஹென்றி ஆகியோர் மாசசூசெட்ஸில் மில்ஸ்டோன் ஹில் என்ற இடத்திலிருந்த 84 அடித் தொலைநோக்கியைக் காசியோப்பியா விண்மீன் குழுவை நோக்கித் திருப்பினார்கள். வெயின்ரெப் உருவாக்கிய எண்முறை நிறமாலைக் கருவி கூட இருந்தது. காசியோப்பியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சத்திலிருந்து வரும் ரேடியோ அலையில், 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் இடங்களில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. வழியிலுள்ள ஹைட்ராக்சில் அந்த அலைகளை விழுங்கியிருந்தது. ரேடியோ அலைவரிசையில் விண்வெளியில் பிடிபட்ட முதல் மூலக்கூறு அது.

ஹைட்ராக்சிலுக்கு இந்த வரிசையில் நான்கு கோடுகள் உண்டு: 1612, 1665, 1667, 1720 மெகாஹெர்ட்ஸ். வாயு சாதாரண வெப்பச் சமநிலையில் இருந்தால் இவற்றின் வலிமை 1:5:9:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது, 1667 எப்போதும் மூத்தது. 1665 அதில் பாதியைச் சற்றே தாண்டும். ஹாட் கிரீக்கில் கிடைத்ததோ இதற்கு நேர்மாறு. 1665 அருகே எழுந்த கோடு ஓங்கி நின்றது. 1667 அதற்கு ஈடுகொடுக்கவில்லை. விகிதம் உடைந்துவிட்டதால், அது ஹைட்ராக்சிலாக இருக்க முடியாது என்று நினைப்பதற்கு நியாயம் இருந்தது. எண்ணும்மையின் ரகசியம் இதுதான்.

இன்னொரு முரணும் சேர்ந்துகொண்டது. கோடுகள் ஊசிபோல ஒல்லியாக இருந்தன, சில கிலோஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே. வாயு சூடானால் மூலக்கூறுகள் நாலாபுறமும் ஓடும். டாப்ளர் விளைவால் கோடு அகலும். ஒல்லியான கோடு குளிர்ந்த வாயுவின் அடையாளம். குளிர்ந்த வாயு இவ்வளவு பளிச்சென்று ஒளிர வழியில்லை.

தொகுதியைத் தொடர்ந்து புரட்டினேன். 440-ஆம் பக்கத்தில் எம்.ஐ.டி. குழுவின் கட்டுரை தொடங்குகிறது: வெயின்ரெப், மீக்ஸ், கார்ட்டர், பேரட், ரோஜர்ஸ். ஹைட்ராக்சில் உமிழ்வு முனைவாக்கம் பெற்றிருக்கிறது என்பது செய்தி. அதாவது, அலைகள் ஒரு ஒழுங்கோடு ஒரே திசையில் அதிர்கின்றன. 441-ஆம் பக்கத்தில் ஹார்வர்டிலிருந்து ஸக்கர்மன், லில்லி, பென்ஃபீல்ட் மூவரும் டபிள்யூ49 என்ற மூலத்தின் திசையில் கண்ட உமிழ்வைச் சொல்கிறார்கள். தொகுதியை மேசைமேல் விரித்தால் 440 இடப்பக்கம், 441 வலப்பக்கம். ஒரே ஊர்ப்பக்கத்தில் இருந்த இரண்டு குழுக்கள் ஒரே இதழில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. டிசம்பரில், 1193-ஆம் பக்கத்தில், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியிலிருந்து மெக்கீ, ராபின்சன், கார்ட்னர், போல்ட்டன் நால்வரும் எழுதுகிறார்கள். கோடுகளின் விகிதம் உட்கவர்தலிலும் உமிழ்விலும் பிறழ்ந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

மூன்றே மாதம், இரண்டு கண்டங்கள், நான்கு குழுக்கள். எல்லாம் ஒரே தொகுதியின் அட்டைகளுக்குள். ஒருவர் கருவியில் பிழை இருக்கலாம். நால்வர் கருவியிலும் அதே பிழை இருக்க முடியாது.

இத்துடன் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிற்காலக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் இன்னொரு பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது: குண்டர்மான், 1965, ஹார்வர்ட் முனைவர் பட்ட ஆய்வேடு. எலன் குண்டர்மான் அப்போது மாணவி. விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஹைட்ராக்சிலை அளந்து ஆய்வேடாக்கியவர். விவரமறிந்த ஆய்வாளர்கள் இந்த உமிழ்வின் முதல் சான்றாகப் பெர்க்லிக் கட்டுரையோடு அவருடைய ஆய்வேட்டையும் சேர்த்தே காட்டினார்கள். இதழ்க் கட்டுரை உலகம் முழுவதும் போகும்; ஆய்வேடு அலமாரியில் இருக்கும். பாடநூல்களுக்கு வந்து சேரும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. இந்தக் கதையின் இரு முனையிலும் ஒரு பெண் இருந்தார், பெர்க்லியில் டீட்டர், ஹார்வர்டில் குண்டர்மான் என்பதை அடிக்குறிப்புகளைப் படித்திருக்காவிட்டால் நான் அறிந்திருக்க மாட்டேன்.

அடுத்த தடயம் ஒரு மனிதர். எங்கே திரும்பினாலும் சார்ல்ஸ் டவுன்ஸ் நிற்கிறார். 1954-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்டன், ஸைகர் இருவரோடு சேர்ந்து அம்மோனியாவைக் கொண்டு முதல் மேசரை இயக்கிக்காட்டியவர் அவர். ஹைட்ராக்சிலின் அதிர்வெண்களை 1959-இல் ஆய்வகத்தில் அளந்த மூவரில் ஒருவரும் அவரே. மேசருக்கான நோபல் பரிசு அவருக்கும் பாசவ், புரோகரோவ் ஆகியோருக்கும் 1964-இல் கிடைத்தது. பூட்டு 1965-இல் வந்தது. சாவி அதற்கு 11 ஆண்டுகள் முன்பே செய்யப்பட்டிருந்தது.

பூட்டைத் திறந்த கட்டுரைகள் 1966-இல் வந்தன. பெர்கின்ஸ், கோல்ட், சால்பீட்டர் ஒருபக்கமும், லிட்வாக்கும் கூட்டாளிகளும் இன்னொரு பக்கமும் மேசர் விளக்கத்தை முன்வைத்தார்கள். இயல்பில் மூலக்கூறுகள் தாழ்ந்த ஆற்றல் நிலையில்தான் கூடுதலாக இருக்கும். இளம் விண்மீனின் அகச்சிவப்பு ஒளியோ மோதல்களோ அவற்றை மேல்நிலைக்கு ஏற்றிவைத்தால் நிலைமை தலைகீழாகும். அப்போது சரியான அதிர்வெண்ணுள்ள ஒரு ரேடியோ அலை வந்தால் போதும். ஏறி நிற்கும் மூலக்கூறு இறங்கும்போது அதே போன்ற இன்னொரு அலையைத் தரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கோடிக்கணக்கான கிலோமீட்டர் வாயுவைக் கடந்து வரும்போது பெருவெள்ளமாகும். எந்தக் கோடு எவ்வளவு பெருகும் என்பது ஏற்றிவிடும் விதத்தைப் பொறுத்தது. ஆகவே 1:5:9:1 விகிதம் இங்கே செல்லாது.

விளக்கத்துக்குச் சான்று 1967-இல் கிடைத்தது. ஜேம்ஸ் மோரனும் சகாக்களும் மாசசூசெட்ஸ், மேற்கு வர்ஜினியா ஆகிய இடங்களில் 845 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு தொலைநோக்கிகளைத் தனித்தனிக் கடிகாரங்களோடு இயக்கி, டபிள்யூ3 பகுதியின் ஹைட்ராக்சிலைப் பதிவுசெய்தார்கள். இடைவெளி இன்னும் நீண்டபோது, ஒளிரும் புள்ளிகள் கோணவினாடியின் ஆயிரத்தில் சில பங்கே என்று தெரிந்தது. அந்தப் புள்ளி ஒன்றின் அகலம் ஏறத்தாழ சூரியனிலிருந்து சனிக்கோள் வரை. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு வலிமை வருவதை வெறும் வெப்பத்தால் விளக்க, லட்சம் கோடி கெல்வினுக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் எந்த மூலக்கூறும் பிழைக்காது.

பிறகு டவுன்ஸ் பெர்க்லிக்கே வந்தார். 1969-இல் அவரும் சியுங், ராங்க், தார்ன்டன், வெல்ச் ஆகியோரும் அதே ஹாட் கிரீக்கில், 6 மீட்டர் தொலைநோக்கியில், 22,235 மெகாஹெர்ட்ஸில் நீர் மூலக்கூறின் உமிழ்வைக் கண்டார்கள். அதுவும் மேசர்தான். மெத்தனாலின் மிக வலுவான 6.7 கிகாஹெர்ட்ஸ் மேசரை 1991-இல் கார்ல் மென்டன் கண்டறிந்தார். கனமான விண்மீன்கள் பிறக்கும் இடத்தை அது துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது. பால்வழியின் பெர்சியஸ் கரம் எவ்வளவு தூரம் என்பதில் இரண்டு முறைகள் இருமடங்கு வேறுபட்டு நின்றன. அந்தச் சண்டையை 2006-இல் தீர்த்துவைத்தது டபிள்யூ3-இன் மெத்தனால் மேசர்: 1.95 கிலோபார்செக், சுமார் 6,360 ஒளியாண்டுகள்.

தேடலின் முடிவில் நான் எட்டிய தீர்ப்பு இது. மிஸ்டீரியம் என்றொரு பொருள் இல்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தது பிழையும் அல்ல. விகிதத்துக்குப் பொருந்தாத அளவீட்டைச் சராசரிக்குள் கரைத்துவிடாமல், பொருந்தவில்லை என்றே அச்சில் ஏற்றினார்கள். அந்த நேர்மை இல்லாவிட்டால் 440, 441, 1193 ஆகிய பக்கங்களுக்குத் துணை இருந்திருக்காது. ‘1965-இல் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று இனி எழுதுகிறவர்கள் வீவர் குழுவோடு எலன் குண்டர்மானின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

மர்மக் கோட்டைக் கண்ட ஹாட் கிரீக்கின் 26 மீட்டர் தொலைநோக்கி 1993 ஜனவரியில் புயல்காற்றில் சரிந்து விழுந்தது. அது பதிவுசெய்த எண்கள் 208-ஆம் தொகுதியில் அப்படியே இருக்கின்றன.