எண்ணெய்த் தொட்டியும் மாற்று மையமும்

1914 செப்டம்பர் 22 இரவு. மதராஸ் கடலுக்கு வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், தேடுவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, துறைமுகத்தையொட்டிய பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டது. எண்ணெய் கொழுந்துவிட்டு எரிந்தது. சரக்கு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் எதிரிக்குக் குறிபார்ப்பதும் சுலபம்தானே!

இன்று குவிவது தரவு. ஓரிடம் முடங்கினாலும் வேலை தொடர வேண்டும் என்பதற்காகத்தான் மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தை, சென்னையில் ஒரு மாற்று மையம் அமைத்தது.

2021 பிப்ரவரி 24 அன்று சோதனை வந்தது. முதன்மை மையத்தையும் அருகிலிருந்த துணை மையத்தையும் இணைத்த தொலைத்தொடர்பு வழிகள், பாதையோரம் தோண்டியதால் தடுமாறின. இணைப்பு அறுந்தாலும் முதன்மை மையத்தின் தரவுச் சேமிப்பகம் தனியாக ஓட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஓடவில்லை. காலை 11.40க்கு நின்ற வர்த்தகம் மாலை 3.45க்குத்தான் திரும்பியது, சென்னைக்கு மாறவே இல்லை.

அடுத்த மாதமே பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி கெடு விதித்தது: கோளாறு நேர்ந்தால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவி, அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மீண்டு வா.