விஞ்சையரும் விசயமங்கலமும்

பறக்கும் மனிதர் என்றதும் தோளில் முளைத்த சிறகுகளே நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ்க் காப்பியங்களில் வானில் உலவும் விஞ்சையருக்கோ சிறகு கிடையாது. வித்தையைத் தரித்தவர் என்னும் பொருள்படும் 'வித்தியாதரர்' என்ற வடசொல்லே தமிழில் விச்சாதரர், விஞ்சையர் என வழங்கிற்று. கருடன் சிறகால் பறக்கிறான். விஞ்சையர் கற்றதனால் பறக்கிறார்கள்.

சமண நூல்கள் இவர்களைத் தேவர் வரிசையில் வைப்பதில்லை, மனிதராகவே கொள்கின்றன. காதல், பகை, மூப்பு, சாவு எல்லாம் இவர்களுக்கும் உண்டு. வாழிடம் வெள்ளிமலை, அதன் வடசேடியில் 60 நகரங்கள், தென்சேடியில் 50 என்பது திகம்பரர் கணக்கு. வித்தையை முறைதவறிப் பயன்படுத்துபவன் அதை இழப்பான் என்றும் கதைகள் சொல்லும். மண்ணுலகத்தாரோடு மணவுறவும் உண்டு. சீவக சிந்தாமணியில் யாழ்ப்போட்டியில் வென்று சீவகன் மணக்கும் காந்தருவதத்தை, விஞ்சை வேந்தன் கலுழவேகனின் மகள். சிலப்பதிகாரக் கடலாடு காதையிலோ ஒரு விஞ்சையன் தன் காதலிக்குப் புகாரின் இந்திர விழாவைக் காட்ட வருகிறான்.

இவ்வினத்தை மிக விரிவாகப் பாடியிருக்க வேண்டியவர் நம் கொங்குநாட்டுக்காரர். கோவையிலிருந்து ஈரோடு செல்லும் வழியில் உள்ள விசயமங்கலம் பழைய சமணத் தலம். பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது மரபு. குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதையின் வழிவந்த நூல் அது. கருவுற்ற வாசவதத்தைக்கு வானில் பறக்க வேண்டும் என்ற வயா உண்டாகிறது. அவள் பெறும் மகன் நரவாணதத்தனே பின்னாளில் விஞ்சையர்க்குச் சக்கரவர்த்தி ஆகிறான்.

ஆனால் அவன் முடிசூடும் பகுதியைத் தமிழில் நாம் படிக்க முடியாது. உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பெருங்கதைக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. நரவாண காண்டம் நடுவிலேயே முறிந்துவிடுகிறது. கதை எங்கே போய் முடிகிறது என்பதைச் சோமதேவரின் கதாசரித்சாகரம் போன்ற வடமொழி நூல்களைக் கொண்டே அறிகிறோம். கொங்குவேளிர் கண்ட வெள்ளிமலை எப்படி இருந்தது என்பதை அவை சொல்லமாட்டா.

ஓலைச்சுவடி தானாக வாழ்வதில்லை. பூச்சி அரிக்குமுன் யாரேனும் படியெடுத்தாக வேண்டும். அது நின்றால் நூலும் மறையும். பதினெட்டாம் பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. கொங்குநாட்டில் யார் வீட்டுப் பரணிலாவது ஏட்டுக்கட்டு கிடந்தால், கழித்துவிடுமுன் படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். விஞ்சையர் உலகின் ஓர் ஏடாவது அதில் இருக்கக்கூடும்.