கூத்தின் புத்தாக்கமும் மரபுப் பற்றும்

மக்கள் உள்ளங்கவர்ந்த பழங்கலைப் படைப்பொன்றைப் பிற்காலத்தார் புதுக்கி அமைக்கும்பொழுது, அதனைப் போற்றி வந்தோர் மனம் வெதும்புதல் இயல்பு. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஷோலே’ என்னும் இந்திப் படம் 2007இல் வேறொருவரால் மீண்டும் ஆக்கப்பட்டபொழுது, பழம்படத்தின் அன்பர்கள் அதனை எள்ளி நகையாடினர். ஆயினும் பழைய படம் சுருளிலே அழியாதிருந்தது. விரும்பியோர் அதனை மீண்டுங் காண்டல் கூடும். சுருளும் ஏடும் தாங்காது, ஆடுவோர் உடலிலும் காண்போர் நினைவிலுமே உயிர் வாழுங் கலையைப் புதுக்கினால் யாது நிகழும்? ஈழத்துக் கீழ்க்கரையின் கூத்து வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1961இல் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படுமுன், கல்முனைக் கரைநாடு மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. அங்கே மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய சைவ ஊர்களும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. மட்டக்களப்புத் தமிழகத்தில் வழங்குவது வடமோடி, தென்மோடி என இருவகைப்பட்ட கூத்து. அண்ணாவியார் பல திங்கள் பயிற்றிய பின்னர் அது அரங்கேறும். வட்டக்களரியைச் சூழ ஊரார் அமர்ந்திருப்ப, மத்தளமும் சல்லரியும் முழங்க, விடியும்வரை ஆட்டம் நிகழும்.

1956இல் பேராசிரியர் சரச்சந்திரர் பழைய நாடகம மரபைத் தழுவி ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றிப் பெரும்புகழ் ஈட்டினார். அம்மரபு தமிழ்க் கூத்தின் தொடர்புடையதென்பர் அறிஞர். அது கண்டு ஊக்கமுற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும், பின்னர் ‘இராவணேசன்’ முதலியவற்றையும் மேடையேற்றினார். இரவு முழுதும் நிகழ்ந்தது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துள் அடங்கிற்று. வட்டக்களரி ஒருமுகமான படச்சட்ட மேடையாயிற்று. மீண்டும் மீண்டும் வரும் பாடல்கள் குறைக்கப்பட்டன, ஒளியமைப்புப் புகுந்தது.

இதனைக் குறைகூறியோரும் இருந்தனர். கூத்தைச் சுருக்கினால் அது கூத்தாகாது என்பது அவர் வாதம். அவ்வாதத்தை வெறும் பழமைப் பிடிவாதமெனத் தள்ளிவிடல் பொருந்தாது. நீண்ட இரவு என்பது கதைக்கு வேண்டிய கால அளவு மாத்திரமன்று. அது ஊர் ஒன்றுகூடியிருக்குங் காலம். ஆடுவோன் அயல்வீட்டான், காண்போன் நாளை ஆடவிருப்பவன். மேடையுஞ் சட்டமும் இவ்விருவரையும் பிரித்துவிட்டன.

எனினும் மறுபக்கமும் நோக்கற்பாலது. கற்றோர் நாட்டுப்புறத்தார்க்குரியதெனப் புறக்கணித்த கூத்து, பல்கலைக்கழக மேடையேறிய பின்னரே நாடகக் கலையென மதிக்கப்பட்டது. அம்மேடையிலே ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிற் கூத்து ஆய்வாளராய் விளங்கினார். பிற்காலத்திலே சி. ஜெயசங்கர் முதலியோர், கூத்தை நகர மேடைக்குக் கொணர்வதினும் ஊரிலேயே ஊராரொடு கூடி மீளுருவாக்குதலே தக்கதென வாதித்துச் செயற்பட்டனர். பழைய மனக்குறையே இங்கு ஆக்கப்பணியாய் மலர்ந்தது.

இச்சிக்கல் கூத்துக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் ஊர்களில் களிகம்பு என்னும் பொல்லடியைப் பயிற்றுவோரும் அண்ணாவியார் என்றே பெயர் பெறுவர். வைபவங்களிலே ஆடப்பட்ட அவ்வாட்டமும் விழா மேடையிற் சில நிமிடங்களுள் அடங்குங்கால், அதே வினா எழுகின்றது.

பழம்படத்தின் அன்பர் சினப்பினும் அவர்க்கு மூலம் எஞ்சும். கூத்தின் அன்பர்க்கோ, ஊர்க்களரி ஓய்ந்துவிடின் புத்தாக்கம் ஒன்றே எஞ்சும். ஆதலின் புதுக்குவோர் மேடையை அமைப்பதோடு களரியையும் காத்தல் வேண்டும். வேர் பட்டுப்போனபின் கிளையைச் செப்பனிடுதலாற் பயனென்னை?