நெய்யூர் வழியும் இரைப்பையின் கதையும்

உடம்பு பருத்துவிட்டதென்று இரைப்பையைக் குறைத்துக்கொள்ள மக்கள் சஸ்திர வைத்தியரை நாடும் இக்காலத்தில், உண்டது தங்காமல் மெலிந்து எலும்பாய்ப் போன சரீரங்களைத் தேற்றுவதற்காகவே அதே இரைப்பையில் ஏறக்குறைய அதே மாதிரியான கத்தியை வைத்த ஒரு காலம் தெற்குத் திருவிதாங்கூரில் இருந்ததென்பதை, பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அந்தச் சிகிச்சைக்காகப் பிரயாணம் செய்கிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று சொல்வது கடினம். அவர்களுடைய பாட்டன்மார் போன திசை வடக்கு அல்ல, தெற்கு. போன இடம் நெய்யூர்.

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் பாறசாலையும் களியக்காவிளையும் குழித்துறையும் நெய்யூரும் ஒரே ராஜ்யத்தின் ஊர்கள். அன்று கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னையோடு சேர, தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டதனால், முன்பு இல்லாத ஓர் எல்லை இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே குறுக்கிட்டது. நோயாளிக்கோ அது வெகுகாலம் எல்லையாகத் தோன்றவில்லை. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சேயைக் கொண்டு நெய்யூரில் தொடங்கிய வைத்தியப் பணிதான் இப்பிரதேசத்து மேனாட்டு வைத்தியத்தின் மூலஸ்தானம். அமரவிளையிலும் செறுவாரகோணத்திலும் இன்றும் பள்ளிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று எழுத்துகள் அந்தச் சங்கத்தினுடையவையே. ஆகவே அக்கிராமத்தாருக்கு நெய்யூர் அந்நிய இடமாக இருந்திருக்க நியாயமில்லை. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வர்மம் அறிந்த ஆசான் உண்டு. வாதத்துக்குக் குழம்பும் தைலமும் உண்டு. ஆனால் இரவில் பசியோடு கிளம்பி, எதையேனும் தின்றால் அடங்கி, பிறகு மீண்டும் பிடுங்கி, வருஷக்கணக்கில் ஆளைத் தின்னும் வயிற்று வலிக்கு ஆசானின் கஷாயம் அவ்வளவாக உதவவில்லை.

அந்த வலி இவ்வட்டாரத்தில் ஏன் இவ்வளவு மலிந்திருந்தது என்ற கேள்வி அக்காலத்து வைத்திய உலகத்தையே கொஞ்சம் அலைக்கழித்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசிக்கு மாற்றாக ஆதரித்துப் பரப்பிய மரச்சீனி, அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள் கூலிக்காரனின் அன்றாட ஆகாரமாயிற்று. 1942-இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, நடுத்தரக் குடும்பங்களும் அதையே அண்டின. குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மக்காரிஸன் இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனி உணவை உண்ட எலிகளுக்கே இரைப்பைப் புண் மிகுதியாகக் கண்டதென்று அவர் எழுதினார். பிற்பாடு 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டறிந்து, 2005-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றதனால், மரச்சீனியின் தலையில் சுமத்திய பழியில் பெரும்பங்கு அக்கிருமிக்கே உரியதென்று இப்போது ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. எலிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் சத்தில்லாத உணவு புண்ணை ஆறவிடாது என்பது வேறு, அதுவே புண்ணைப் பிறப்பிக்கும் என்பது வேறு.

இத்தகைய வயிறுகளைத் தேடி வந்தவர்போல நெய்யூருக்கு வந்து சேர்ந்தார் ஹோவார்டு சாமர்வெல். 1922-இல் எவரெஸ்டு ஏறப் போன கூட்டத்தில் ஒருவராக இருந்து, அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூரில் வைத்தியர்களின் சக்திக்கு மீறிக் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்காகக் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து இங்கேயே ஊழியம் செய்வதென்று தீர்மானித்தவர் அவர். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், பிராணவாயுக் கருவியின் துணையின்றி ஏறக்குறைய இருபத்தெட்டாயிரம் அடி வரை ஏறி, இறங்கும் வழியில் பனியால் வெந்த தொண்டைச் சதை மூச்சை அடைத்துக்கொள்ள, மார்பைத் தாமே அழுத்தி அதை வெளியே தள்ளி உயிர் தப்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. மலையேறிகளின் சரித்திரத்தில் அவருக்கு இருக்கும் புகழில் கால்வாசிகூட வைத்திய சரித்திரத்தில் இல்லாமற்போனது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான தெற்குத் திருவிதாங்கூர் வயிறுகளில் அவரும் அவருடைய சகாக்களும் செய்த வேலையும், அதைப் பற்றி அவர்கள் எழுதியவையும், அந்த மலையளவு பெரியவை.

அவர் செய்த சிகிச்சையின் மூலம் 1881-ஆம் வருஷத்து வியன்னாவில் இருக்கிறது. அங்கே பில்ரோத் இரைப்பையின் நோயுற்ற பாகத்தை வெட்டி நீக்கி வெற்றி கண்டார். அதே வருஷம் அவருடைய சிஷ்யர் வொல்ஃப்ளர், அடைபட்ட வாயிலைத் தொடாமல் சிறுகுடலை மேலே இழுத்து இரைப்பையோடு தைத்து, அன்னத்துக்குப் புதுவழி திறந்தார். புண் ஆறித் தழும்பாகி வாயில் சுருங்கிப்போய், உண்டதெல்லாம் வாந்தியாகும் நிலையில் வருகிற ஆளுக்கு இந்தப் புதுவழியே உயிர்வழி. கத்திக்கு முன் அவனுடைய இரைப்பையில் தேங்கிக் கிடப்பதை ரப்பர்க் குழாயை விட்டுக் கழுவுவதும், வற்றிய தேகத்துக்கு உப்புநீர் ஏற்றுவதும் அக்காலத்து ஆயத்தங்கள். தையல் போட்ட பின்னர் தண்ணீரில் ஆரம்பித்து, பால், வடித்த கஞ்சி, குழைந்த சோறு என்று படிப்படியாக ஏறவேண்டும்; மிளகாயும் புளியும் விலக்கு. மிஷன் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு குடும்பமே வந்து தங்கி அடுப்பு மூட்டுவது வழக்கமாதலால், சிகிச்சையின் பின்பாதி உண்மையில் வைத்தியர் கையில் இல்லை, அடுப்படியில் நின்ற மனைவியின் கையில் இருந்தது. கருக்கடகக் கஞ்சியும் பிரசவப் பத்தியமும் பழகிய அந்தக் கைக்கு இது புதிய சாஸ்திரமல்ல.

பிறகு கதை திரும்பிற்று. அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்டு மேஸன் என்ற சஸ்திர வைத்தியர், புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை இழந்தவர்கள் எவ்வளவு முயன்றும் சதை வைப்பதில்லை என்பதைக் கவனித்தார். பிறர் கஷ்டம் என்று எண்ணியதையே அவர் மருந்தாக்கினார். 1966-இல் இரைப்பையின் மேற்பாகத்தைச் சிறு பையாகப் பிரித்து அதோடு சிறுகுடலைத் தைத்தார். வொல்ஃப்ளர் வழியும் நெய்யூர் வழியும் அதே வழிதான். இணைப்பு மட்டும் மேலே நகர்ந்தது, நோக்கம் தலைகீழாயிற்று. இன்று பரவலாகச் செய்யப்படும் மற்றொரு முறையிலோ இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுக்கப்பட்டு ஒரு குழல் மட்டுமே மிஞ்சுகிறது.

நெய்யூருக்கு வாடி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் சம்பாதித்து, வயல் வேலையும் பனையேற்றமும் விட்டொழிந்து, அரிசியும் எண்ணெயும் பலகாரமும் தாராளமாகக் கிடைக்கும் வீடுகளில் வாழ்கிறார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி என்கிறது. இவர்களில் பருத்த உடம்பைக் குறைக்க இச்சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, கத்திக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் ஒடுக்கிய ஆகாரம். அது கொழுத்த கல்லீரலைச் சுருக்கி வைத்தியர் கைக்கு இடம் தருவதற்காக. பீடியும் சிகரெட்டும் நிற்கவேண்டும். மூச்சுப் பயிற்சி வேண்டும். மனோதத்துவ நிபுணரைப் பார்க்கவேண்டும். பல இடங்களில் உட்பார்வைக் குழாயை விட்டு, வாரனும் மார்ஷலும் கண்ட அந்தப் பழைய கிருமி இருக்கிறதா என்று பார்த்து அழித்தும் விடுகிறார்கள்.

பின்னால் வருவதே கஷ்டகாலம். அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். கால் நாளத்தில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க அது அவசியம். தெளிந்த நீர், பால் வகை, கடைந்த கூழ், மெல்லிய உணவு என்று நாலைந்து வாரம் ஏறவேண்டும். சீனி அதிகமாக இறங்கினால், முக்கியமாகக் குடல் இணைப்புச் செய்தவர்களுக்கு, நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும். நெய்யூர்ச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பின்னும் வைத்தியர்கள் கண்ட தொல்லைதான் இது. நாளொன்றுக்கு அறுபது கிராமுக்குக் குறையாமல் புரதம் சேரவேண்டுமாதலால், மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாயிருந்த சாளைக் கறி முதலில் வரவேண்டும்; மரச்சீனி பின்னால், ஒரு கரண்டி. ஊர்க் கல்யாணப் பந்தியில், "ஒரு வாய் கூடத் தின்னு மக்கா" என்று அன்பாய் வற்புறுத்தும் அத்தையிடம் இதை விளக்கி ஜெயித்தவர் உண்டா என்பது எனக்குச் சந்தேகம். முடி கொட்டுவது சில மாதங்களில் நிற்கும். இரும்பும் கால்சியமும் பி12-உம் நிற்கவே கூடாது. பி12-ஐப் பிரித்தெடுத்ததே 1948-இல்தான். அதற்கு முன் இரைப்பையை இழந்த ஏழைக்கு வருஷங்கள் கழித்து வந்த சோகையை எளிதில் மாற்றும் மருந்து இல்லை.

தடித்த உடம்பை அளப்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. நம்மவர் உடம்பு குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதியை வரவழைக்கும் என்பதனால், ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 27.5-லேயே இச்சிகிச்சையை யோசிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச வைத்தியச் சங்கங்கள் சொல்லிவிட்டன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ இன்னும் 40-ஐயும், கடுமையான துணைநோய் இருந்தால் 35-ஐயும் கேட்கிறது. பாறசாலையில் 33-இல் நின்று இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், வைத்தியரின் அளவுகோலால் நோயாளி. காப்பீட்டுக் கம்பெனியின் அளவுகோலால் கைக்காசு கட்டவேண்டியவர்.