துருவப் பகுதியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும்

துருவங்களை நெருங்க நெருங்க அட்சரேகைகளின் இடைவெளி ஏறத்தாழ மாறுவதில்லை. தீர்க்கரேகைகளின் இடைவெளியோ சுருங்கி இல்லாமற்போகிறது. துருவப் புள்ளியில் எல்லாத் தீர்க்கரேகைகளும் கூடுவதால், அதைக் குறிக்க 90° என்னும் அட்ச அளவே போதும்.

அளவு

கொல்கத்தாவின் டாக்குரியா ஏறத்தாழ வடக்கு 22°31′, கிழக்கு 88°22′இல் உள்ளது. அங்கிருந்து நேர் கிழக்கே ஒரு பாகை நகர 103 கி.மீ. செல்ல வேண்டும், வங்கதேசத்துக்குள் போய்விடுவோம். 80° அட்சத்தில் அதே ஒரு பாகை 19 கி.மீ.; 89°இல் 2 கி.மீ.க்கும் குறைவு. துருவத்திலிருந்து 1 கி.மீ. தள்ளி வட்டமாக நடப்பவர் 6.28 கி.மீ.க்குள் 360 பாகையையும் கடந்துவிடுவார். ஒரு பாகைக்குப் பதினேழு மீட்டர்தான். தென் துருவத்தில் நிற்பவருக்கு எத்திசையும் வடக்கே.

இந்திய வானியலில்

துருவத்தில் தீர்க்கரேகைகள் கூடும் என்ற கருத்து இந்திய வானியலாருக்குப் புதிதன்று. சூரிய சித்தாந்தம் என்னும் நூல் நிலநடுக்கோட்டில் இலங்கை, ரோமகம், சித்தபுரம், யவகோடி என நான்கு நகரங்களை 90° இடைவெளியில் வைக்கிறது. இந்த இலங்கை இன்றைய தீவு அன்று. அது உச்சயினி நகரின் தீர்க்கரேகை நிலநடுக்கோட்டை வெட்டும் புள்ளி. நான்கு நகரங்களுக்கும் வடக்கே, சம தூரத்தில் நிற்பது மேரு. மேரு என்பது வட துருவமே. அங்குள்ள தேவர்களுக்கு ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்ற கணக்கு ஆரியபட்டரிடமும் உண்டு. இந்திய வானியலின் முதன்மைத் தீர்க்கரேகை உச்சயினி வழியே சென்றது; உலகுக்கான முதன்மைத் தீர்க்கரேகையாகக் கிரீன்விச்சை 1884ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு தேர்ந்தது.

கட்ட முறை

பாகை பயன்படாத இடத்தில் மீட்டர் கைகொடுக்கிறது. கொல்கத்தா, மீட்டரில் இடம் குறிக்கும் உலகளாவிய குறுக்கு மெர்கேட்டர் கட்ட முறையின் 45ஆம் மண்டலத்தில் வருகிறது. வடக்கே 84°, தெற்கே 80° தாண்டினால் அந்த மண்டலங்கள் முடிந்துவிடும். அதற்கப்பால் துருவத்தை நடுவில் வைத்த தட்டையான சதுரக் கட்டங்களில் இடம் குறிக்கப்படுகிறது. கிரீன்விச் கோட்டுக்கு இணையான ஒரு திசை 'கட்ட வடக்கு' ஆகிறது.

இந்திய நிலையங்கள்

டாக்குரியாவை அடுத்த யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா, 1983இல் புறப்பட்ட இந்தியாவின் மூன்றாம் பயணக் குழுவில் அண்டார்க்டிகா சென்றார். அவரும் அதிதி பந்தும் அங்கு சென்ற முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்கள். ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி (2008), அண்டார்க்டிகாவில் மைத்ரி (1989), பாரதி (2012) நிலையங்கள் இயங்குகின்றன. இங்கெல்லாம் இடம் அறிய இன்று செயற்கைக்கோள் கருவிகள் பயன்படுகின்றன.

பாரதி நிலையம் கிழக்கு 76°11′இல், உச்சயினியின் தீர்க்கரேகைக்கு அரைப் பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. அந்த வேறுபாடு உச்சயினி அட்சத்தில் ஏறத்தாழ 40 கி.மீ.; பாரதியில் 16 கி.மீ.