ஊடகமும் உலகமயமாக்கலும்: ஒரு முதுகலைப் படிப்பு உருவான வரலாறு

ஊடகத்தையும் உலகமயமாக்கலையும் இணைத்துக் கற்பிக்கும் முதுகலைப் படிப்புகள் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் இணையமும் வந்த பிறகே இத்துறை தோன்றியது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது இரண்டுக்கும் மூத்தது. உலகச் செய்திகளை யார் சேகரிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அதில் ஏழை நாடுகளின் குரல் எங்கே என்ற அரசியல் வழக்கிலிருந்தே அது பிறந்தது.

வழக்குக்கு முன்பு நம்பிக்கை இருந்தது. வில்பர் ஷ்ராம் 1947இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, இத்துறையை முனைவர் பட்டம் வரை கொண்டு சென்றார். 1955இல் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறினார். டேனியல் லெர்னர் துருக்கி, எகிப்து, ஈரான் முதலிய நாடுகளில் திரட்டிய நேர்காணல்களை வைத்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். வானொலியும் பத்திரிகையும் பரவினால் பழைய சமூகங்கள் தாமாகவே நவீனமாகும் என்பது அதன் சாரம். 1964இல் யுனெஸ்கோவுக்காக ஷ்ராம் எழுதிய நூலும் ஏறக்குறைய இதையே சொன்னது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பயிற்சி நிலையங்கள் இந்தச் சிந்தனையில்தான் வளர்ந்தன. 1965இல் புதுதில்லியில் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கு வித்திட்டதும், ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய, ஷ்ராம் தலைமையிலான குழுவின் பரிந்துரையே.

இந்தச் சிந்தனைக்கு எதிர்ப்பு முதலில் லத்தீன் அமெரிக்காவிலும், அமெரிக்காவுக்குள்ளேயே சில வகுப்பறைகளிலும் கிளம்பியது. அமெரிக்க ஒலிபரப்புத் தொழிலுக்கும் அந்நாட்டின் இராணுவ, வணிக நலன்களுக்கும் உள்ள பிணைப்பை ஹெர்பர்ட் ஷில்லர் 1969இல் ஒரு நூலாக வெளியிட்டார். சிலியில் அதிபர் அலெண்டே ஆட்சியில் இருந்த 1971இல், டிஸ்னியின் டொனால்ட் டக் படக்கதைகள் குழந்தைகளுக்கு எந்த உலகப் பார்வையைப் புகட்டுகின்றன என்று ஆரியல் டார்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் எழுதினர். 1973 செப்டம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்நூல் எரிக்கப்பட்டது. ஆசிரியர்கள் இருவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஊடக விவாதம் சூடேறியிருந்த காலம் அது.

இந்த எதிர்ப்புக்கு எண்களின் பலத்தைத் தந்தவர்கள் பின்லாந்து ஆய்வாளர்களான கார்லே நோர்டன்ஸ்ட்ரெங், தபியோ வாரிஸ். பல நாடுகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியல்களைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் இறக்குமதியானவை எத்தனை மணி நேரம் என்று அவர்கள் கணக்கிட்டனர். 1974இல் யுனெஸ்கோ வெளியிட்ட அந்த ஆய்வில் சித்திரம் தெளிவாக இருந்தது: நிகழ்ச்சிகள் அமெரிக்காவிலிருந்தும் மேற்கு ஐரோப்பாவின் சில நாடுகளிலிருந்தும் வெளியே போகின்றன, அமெரிக்கத் திரையிலோ வெளிநாட்டு நிகழ்ச்சி என்று ஏதும் இல்லை என்றே சொல்லலாம். வெறும் குற்றச்சாட்டாக இருந்தது, அன்றிலிருந்து ஆராயத்தக்க பொருளாயிற்று.

வாதம் அரசுகளின் அரங்குக்கும் சென்றது. அணிசேரா நாடுகள் 1976 ஜூலையில் தில்லியில் கூடித் தங்கள் செய்தி நிறுவனங்களுக்கான கூட்டமைப்புக்கு விதிகள் வகுத்தன. உலகத் தொடர்பியல் சிக்கல்களை ஆராய யுனெஸ்கோ அமைத்த பதினாறு பேர் ஆணையத்துக்கு அயர்லாந்தின் ஷான் மக்பிரைட் தலைமை ஏற்றார். கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸும் இந்தியப் பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸும் அதில் இருந்தனர். 1980இல் வெளியான அதன் அறிக்கை, செய்தி ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டு, சமநிலையான ஏற்பாட்டைக் கோரியது. இது அரசுத் தணிக்கைக்கு வழிவிடும் என்று மேற்கத்திய ஊடகங்கள் எதிர்த்தன. அணிசேரா நாடுகள் சிலவற்றில் பத்திரிகைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்தால், அந்த அச்சத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கா 1984 இறுதியிலும் பிரிட்டன் 1985இலும் யுனெஸ்கோவை விட்டு விலகின. அரங்கில் தோற்ற வாதம் பல்கலைக்கழகத்துக்குள் இடம் பிடித்தது. மக்பிரைட் அறிக்கை பாடநூலானது.

ஆனால் அதே பத்தாண்டில் ஆய்வின் பார்வை வேறு பக்கம் திரும்பியது. தாமர் லீப்ஸ், எலிஹூ காட்ஸ் இருவரும் இஸ்ரேலில் அரபியர், மொராக்கோ யூதர், ரஷ்யாவிலிருந்து குடியேறியோர் எனப் பல குழுக்களை வீடுகளில் உட்காரவைத்து, ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைக் காட்டி, கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பகுதியில் கதாநாயகி குழந்தையோடு கணவனை விட்டுப் போய், பழைய காதலனும் அவன் தகப்பனும் வாழும் வீட்டில் தங்குகிறாள். அதைப் பார்த்த ஓர் அரபுக் குழுவோ, அவள் தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தங்களுக்குள் உறுதி செய்துகொண்டது. பார்ப்பவர் தம் குடும்ப வழக்கத்தைக் கொண்டே கதையை நிரப்பிக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அருமையான ஆய்வு அது. எனினும் அந்தத் தொடரை விற்றுப் பணம் பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

செல்வ நாடுகளின் ஊடகம் பிற நாடுகளின் பண்பாட்டை ஆள்கிறது என்னும் பண்பாட்டு ஏகாதிபத்தியக் கருத்தை ஜான் டாம்லின்சன் 1991இல் துருவி ஆராய்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அர்ஜுன் அப்பாதுரை, மக்களும் ஊடகமும் பணமும் தொழில்நுட்பமும் ஒன்றுக்கொன்று இசையாமல் வெவ்வேறு திசைகளில் ஓடுகின்றன என்று வாதிட்டிருந்தார். வளைகுடாப் போரைச் சிஎன்என் உலகம் முழுவதும் நேரலையாகக் காட்டியதும், ஸ்டார் தொலைக்காட்சி ஆசிய வானில் வந்ததும் 1991இல்தான். 1993 ஏப்ரலில் சன் டிவி சென்னையிலிருந்து தொடங்கியது. பின்னர் கடல் கடந்த தமிழர் வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஒரே திசை ஓட்டம் என்ற பழைய படத்தில் இத்தகைய அலைவரிசைகளுக்கு இடம் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் உலகமயமாக்கல் பட்டத்தின் பெயரிலேயே ஏறியது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, இதழியல், ஊடகம், உலகமயமாக்கல் என்ற ஈராண்டு முதுகலைப் படிப்பு 2005இல் வந்தது. மாணவர் முதலாண்டில் ஆர்ஹுஸில் படித்து, அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், லண்டன் போன்ற நகரங்களில் ஒன்றில் சிறப்புப் பாடம் பயின்றனர். பல நாட்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்வதே இதன் பெரிய வரவு. ஆனாலும் உதவித்தொகை சிலருக்கே கிடைக்கிறது. ஏழை நாடுகளின் முறையீட்டில் பிறந்த படிப்பு, அந்நாட்டு மாணவருக்கு எட்டாக் கட்டணத்தில் நடப்பது நியாயமாகாது. பாடத்திட்டத்தை மேற்கின் பிடியிலிருந்து மீட்க வேண்டும் என்று ஜேம்ஸ் கரனும் மியுங்-ஜின் பார்க்கும் 2000இலேயே ஒரு தொகுப்பு நூலில் வற்புறுத்தியிருந்தனர்.

இந்தியாவில் 1995இல், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு அலைவரிசைகளும் அதற்குள் வீடுகளில் நுழைந்துவிட்டன. ஆராயப் பொருள் இங்கே ஏராளம். ஆனால் பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களில் இத்துறை இன்றும் முதுகலைப் பட்டத்தின் ஒரு தாளாக, சர்வதேசத் தொடர்பியல் என்ற பெயரில்தான் கற்பிக்கப்படுகிறது.